பழைய டீசல் எஸ்யூவில எரிபொருள் கசிவும் துருவும்: கண்டுபிடிக்கறதுல இருந்து சரி பண்ற வரைக்கும் முழு வழிகாட்டி

பத்து பதினஞ்சு வருஷம் ஓடின டீசல் எஸ்யூவி வச்சிருக்கறவங்களுக்காக எழுதறேன். ஸ்கார்பியோ, பொலேரோ, சுமோ, சஃபாரி, குவாலிஸ்னு எதுவா இருந்தாலும் அடிப்பக்கம் பாத்தா அமைப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஏணி மாதிரி இரும்புச் சட்டமான லேடர் சேஸிஸ், அதுல தொங்குற டேங்க், டேங்க்ல இருந்து சேஸிஸ் ஓரமாவே இன்ஜின் வரைக்கும் போற ஒரு பைப், மிச்ச டீசல் திரும்பி வர்ற இன்னொரு பைப், அதாவது ரிட்டர்ன் லைன். எங்க ஊர் தூத்துக்குடி. உப்பளக் காத்துலயே நிக்கற வண்டியோட அடிப்பக்கத்தையும் கோயம்புத்தூர்ல ஓடின அதே வயசு வண்டியோட அடிப்பக்கத்தையும் பக்கத்துல வச்சு பாத்தா ஒரே மாடல்னு நம்பவே மாட்டீங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். டீசல் சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற, துரு ஆரம்பிச்ச இடம் வேற. மூணையும் தனித்தனியா தேடணும். சொட்டுற இடத்துல எம்-சீல் அப்பிட்டு வந்தா கொஞ்ச நாள்லயே அதுக்கு அரை அடி தள்ளி அடுத்த ஓட்டை விழும், ஏன்னா அந்த பைப் முழுக்க அதே மண்ணுலயும் உப்புலயும்தான் இத்தனை வருஷமா கிடந்திருக்கு. இதுபோக இன்னொரு வகை கசிவு இருக்கு, அது சொட்டவே சொட்டாது, வண்டியை மட்டும் காலைல ஸ்டார்ட் ஆக விடாது. அதைப் பத்தியும் கீழ விவரமா எழுதியிருக்கேன்.

துரு எங்க இருந்து வருது

கடலோரத்துல மழையே பெய்யலைன்னாலும் வண்டியோட அடிப்பக்கம் காயறதில்லை. காரணம் உப்பு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தை தாண்டுச்சுன்னா சாதாரண உப்பு காத்துல இருக்கற தண்ணியை இழுத்து தானே கரைஞ்சிடும். தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினம், சென்னை ஈசிஆர் பக்கம் எல்லாம் ராத்திரியும் விடியக்காலையும் ஈரப்பதம் அதுக்கு மேல போறது சர்வசாதாரணம், அதனால சேஸிஸ் மேல படிஞ்ச உப்பு தினமும் ராத்திரி உப்புத்தண்ணியா மாறி இரும்பை அரிக்குது, பகல்ல காயுது, மறுபடி ராத்திரி நனையுது.

இது எல்லா இடத்துலயும் ஒரே அளவுல நடக்காது, மண்ணு தங்குற இடத்துலதான் அதிகம். நீங்க தேட வேண்டிய இடங்கள் இவைதான்: டேங்குக்கும் அதோட அடி கார்டுக்கும் நடுவுல இருக்கற சந்து, டேங்கை தாங்குற பட்டைக்கு அடியில வச்சிருக்கற ரப்பர், பைப்பை சேஸிஸோட பிடிச்சு வச்சிருக்கற பிளாஸ்டிக் கிளிப்புகள், பின் சக்கரத்துக்கு நேரா இருக்கற, டீசல் ஊத்தற ஃபில்லர் பைப், டேங்கோட மேல்பக்கம். கிளிப்புதான் ரொம்ப மோசம். வெளியில பைப் பளிச்சுனு இருக்கும், கிளிப்பை கழட்டினா உள்ள பைப் பாதி தடிமன்தான் மிச்சம் இருக்கும், ஏன்னா கிளிப்புக்குள்ள போன உப்பு ஈரம் வெளிய வர வழியே இல்லை.

உள்பக்கத்துல இருந்தும் துரு வரும். டேங்க் பாதி காலியாவே நின்னா காலி இடத்துல இருக்கற காத்தோட ஈரம் டேங்க் சுவர்ல வேர்த்து கீழ இறங்கும், தண்ணி டீசலை விட கனம், அதனால அடியில போய் உக்காந்துக்கும். இரும்பு டேங்கா இருந்தா அங்க ஊசி ஓட்டை ஓட்டையா விழும். டீசலும் தண்ணியும் சேருற அந்த எல்லையில நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பா வழவழன்னு ஒரு சளி மாதிரி படியும், ஃபில்டர் அடிக்கடி அடைச்சுக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம். 2015 சென்னை வெள்ளத்துலயோ 2023 டிசம்பர்ல எங்க பக்கம் ஏரல், ஸ்ரீவைகுண்டம் எல்லாம் மூழ்கினப்பவோ தண்ணிக்குள்ள நின்ன வண்டியா இருந்தா டேங்குக்கு காத்து போய் வர்ற பிரீதர் வழியா டேங்குக்குள்ள தண்ணி போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின வண்டின்னா இதை ஒரு தடவை சோதிச்சு பாத்துடுங்க.

உங்க வண்டில டேங்க் இரும்பா பிளாஸ்டிக்கான்னு தெரியலைன்னா ஒரு காந்தத்தை வச்சு பாருங்க. பிளாஸ்டிக்னா டேங்க் துருப்பிடிக்காது, ஆனா அதை தாங்குற பட்டை, போல்ட், ஃபில்லர் பைப், மேல இருக்கற லாக் ரிங் எல்லாம் துருப்பிடிக்கும், அந்தப் பட்டை அறுந்து டேங்க் தொங்கினா அதுவும் சின்ன விஷயம் இல்லை.

கை வைக்கறதுக்கு முன்னாடி

டீசல்தானே, பெட்ரோல் மாதிரி பத்திக்காதுன்னு நிறைய பேர் அசால்ட்டா இருக்காங்க. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி பக்கத்துலயே பத்திக்கற அளவு ஆவி விடும், டீசலுக்கு இந்தியத் தரத்துல அந்த அளவு குறைஞ்சபட்சம் 35 டிகிரி. நம்ம ஊர் சித்திரை வெயில்ல வண்டி அடியில அந்த சூடு சாதாரணமா வந்துடும். இன்னொண்ணு, டீசல் தானா பத்திக்கற சூடு 200 டிகிரிக்கு கொஞ்சம் மேலதான், ரொம்ப சூடான இரும்பு மேல தெளிச்சா தீப்பொறியே இல்லாம பத்திக்கலாம், டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அதை விட ரொம்பவே சூடாகற பாகங்கள். அதனால இன்ஜின் பக்கத்துல கசிவு இருந்தா வண்டியை ஓட்டிட்டு ஒர்க்ஷாப் போகாதீங்க, நிறுத்திட்டு மெக்கானிக்கை வரச் சொல்லுங்க.

வேலை செய்யற இடம் காத்தோட்டமா இருக்கணும், பள்ளத்துல இறங்கி பாக்கறதா இருந்தா ஆவி காத்தை விட கனம்ங்கறது நினைவுல இருக்கட்டும், அது பள்ளத்துலதான் போய் தேங்கும். பேட்டரி நெகட்டிவை கழட்டிடுங்க. குண்டு பல்பு போட்ட ஹேண்ட் லேம்ப் வேண்டாம், எல்இடி டார்ச் போதும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒண்ணு கை எட்டுற தூரத்துல. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கவே கூடாது, ஸ்டாண்ட் வச்சு, சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டு அப்புறம் போங்க.

காமன் ரெயில் வண்டில, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே அழுத்தக் குழாய்ல இருந்து டீசல் போற வகையில, ஓடற இன்ஜின்ல பம்ப்புக்கும் டீசலை பீச்சற இன்ஜெக்டருக்கும் நடுவுல இருக்கற இரும்பு பைப்ல 1,600 பார் வரைக்கும் அழுத்தம் இருக்கும், சில வண்டில அதுக்கு மேலயும். அதுல மயிரிழை ஓட்டையில இருந்து வர்ற டீசல் கண்ணுக்கே தெரியாது, ஆனா தோலை துளைச்சு சதைக்குள்ள போயிடும். பாக்க ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், வலியும் அப்போ பெருசா இருக்காது, சில மணி நேரத்துல விரலையே இழக்கற நிலைமை வந்துடும். அப்படி நடந்தா கட்டு போட்டுட்டு வீட்ல இருக்காதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் அதிக அழுத்த டீசல் உள்ள போயிடுச்சுன்னு அந்த வார்த்தையிலயே சொல்லுங்க, அது ஆபரேஷன் பண்ண வேண்டிய அவசரம். இன்ஜின் ஓடும்போது அந்தப் பக்கம் கையால தடவிப் பாக்கற பழக்கம் யாருக்கு இருந்தாலும் இன்னைக்கே விட்டுடுங்க, சந்தேகம்னா ஒரு அட்டையை தள்ளி நின்னு நீட்டிப் பாருங்க. அந்த பைப்ல இருக்கற நட்டை தளர்த்தறதா இருந்தா இன்ஜினை நிறுத்தி பத்து நிமிஷமாவது ஆகியிருக்கணும்.

கசிவை தேடற விதம்

முதல் வேலை கழுவறது. அழுக்கோட கசிவை தேடறது வீண், எல்லா இடமும் ஈரமாதான் தெரியும். வாட்டர் வாஷ்ல அடிப்பக்கத்தை நல்லா கழுவி, டேங்க் கார்டை கழட்டி உள்ள இருக்கற மண்ணை முழுக்க எடுத்துட்டு, ஒரு நாள் வெயில்ல காய விடுங்க. கார்டுக்குள்ள இருந்து எவ்வளவு மண்ணு வருதுன்னு பாத்தாலே டேங்க் எந்த நிலைமையில இருக்கும்னு பாதி தெரிஞ்சிடும்.

காஞ்சதும் சந்தேகப்படற பைப், ஜாயிண்ட், டேங்க் ஓரம் எல்லாத்துலயும் முகத்துக்கு போடற பவுடரை தூவி விடுங்க. அடியில பழைய அட்டைப்பெட்டியை விரிச்சு அதுல நாலு சக்கரம் இருக்கற இடத்தையும் பேனாவால குறிச்சிடுங்க, காலைல எந்த இடத்துல கறை இருக்கோ அதுக்கு நேர் மேல பாத்துட்டு அங்க இருந்து மேல் நோக்கியும் முன்பக்கம் நோக்கியும் தேடுங்க. ஏன் முன்பக்கம்னா ஓடும்போது காத்து டீசலை பின்னாடி தள்ளிட்டே போகும், நின்ன பிறகும் அது சேஸிஸ் ஓரமா வழிஞ்சு ரொம்ப தாழ்வான இடத்துலதான் சொட்டும். பவுடர் முதல்ல நனையற இடம்தான் கசிவு.

கறை டீசல்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. டீசல் விரல்ல வழுவழுன்னு இருக்கும், பேப்பர்ல விட்டா நேரம் ஆனாலும் எண்ணெய்க் கறை போகாது. பவர் ஸ்டியரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு, கூலன்ட் பச்சையோ ரோஸோ இருக்கும், காஞ்சா வெள்ளையா தடம் விடும். ஏசி தண்ணி வெறும் தண்ணிதான்.

எப்போ கசியுதுங்கறதை வச்சே பாதி இடத்தை ஒதுக்கிடலாம். டேங்க் ஃபுல் பண்ணா மட்டும் வாசனை வருது, பாதிக்கு இறங்கினா இல்லைன்னா கோளாறு டேங்க் மேல்பக்கம், அதாவது டீசல் அளவை மீட்டருக்கு காட்டற சென்டர் (sender) யூனிட்டோட கேஸ்கெட், பிரீதர் ஹோஸ், ஃபில்லர் பைப், இதுல ஒண்ணு. வண்டி நிக்கும்போதும் சொட்டிட்டே இருக்குன்னா டேங்க் அடிப்பக்கமோ டீசல் மட்டத்துக்கு கீழ இருக்கற ஹோஸோ. இன்ஜின் ஓடினா மட்டும் கசியுதுன்னா இன்ஜின் பக்கம் இல்லைன்னா ரிட்டர்ன் லைன். ரிட்டர்ன் லைனை ஏனோ யாரும் கண்டுக்கறதில்லை, ஆனா அதுல வர்ற டீசல் இன்ஜினை சுத்தி வந்த சூடான டீசல், அந்த ஹோஸ்தான் சீக்கிரம் வெடிக்கும்.

இன்ஜெக்டர் மேல இருக்கற, மிஞ்சின டீசலை திருப்பி அனுப்பற லீக்-ஆஃப் பைப்பையும் பாருங்க. சின்ன பிளாஸ்டிக் கனெக்டர், அதுக்குள்ள சின்ன ஓ-ரிங், வருஷக்கணக்கா சூட்டுல இருந்து கல்லு மாதிரி ஆயிடும். இன்ஜெக்டரை சுத்தி ஈரமா டீசல் நின்னா இதுதான் முதல் சந்தேகம். அங்கேயே கறுப்பா தார் மாதிரி படிஞ்சிருந்தா அது வேற கோளாறு, இன்ஜெக்டர் அடியில இருக்கற வாஷர் வழியா எரிஞ்ச வாயு வருது, அதையும் தள்ளிப்போடாதீங்க.

இன்னொரு கசிவு வெளியவே தெரியாது, இன்ஜின் ஆயிலுக்குள்ள போகும். டிப்ஸ்டிக்கை உருவினா ஆயில் அளவு குறையறதுக்கு பதில் ஏறிட்டே இருக்கு, ஆயில் தண்ணியா இருக்கு, டீசல் வாசனை வருதுன்னா பம்ப் சீலோ இன்ஜெக்டரோ உள்ள கசியுது. அந்த ஆயிலோட வண்டியை ஓட்டினா பேரிங் போயிடும்.

சொட்டாத கசிவு

நிறைய டீசல் வண்டில டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் டீசல் தள்ளப்படறதில்லை, முன்னாடி இருக்கற பம்ப் உறிஞ்சி இழுக்குது. ஓட்டை விழுந்த ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிச்சா காத்துதான் வரும், வெளிய ஒரு சொட்டும் விழாது, அதே கதைதான் இங்கயும். பைப்ல ஊசி ஓட்டை இருந்தா இன்ஜின் ஓடும்போது காத்து உள்ள போகும், நிறுத்தி வச்சா ராத்திரி முழுக்க டீசல் மெதுவா டேங்குக்கே திரும்பிப் போயிடும். காலைல செல்ஃப் அடிச்சு அடிச்சு பாத்தா கடைசியில ஸ்டார்ட் ஆகும், அப்புறம் பகல் பூரா ஒழுங்கா ஓடும். இதுக்கு பேட்டரி மாத்தினவங்க, குளோ பிளக் மாத்தினவங்க, இன்ஜெக்டரை கழட்டி பெஞ்சுல போட்டு பணம் கட்டினவங்க எல்லாரையும் பாத்திருக்கேன், கடைசியில கோளாறு கிளிப்புக்கு அடியில இருந்த துரு ஓட்டை.

கண்டுபிடிக்க ரெண்டு வழி. ஃபில்டருக்கு போற லோ பிரஷர் ஹோஸ்ல ஒரு ஜாண் நீளத்துக்கு கண்ணாடி மாதிரி தெரியற டியூபை தற்காலிகமா மாட்டி இன்ஜினை ஓட விடுங்க, குமிழி தொடர்ந்து வந்துட்டே இருந்தா காத்து அதுக்கு பின்னாடி எங்கேயோ நுழையுது. ரெண்டாவது வழி இன்னும் தெளிவானது, சுத்தமான டீசல் ஒரு கேன்ல எடுத்து பானெட் பக்கத்துல உயரத்துல ஆடாம கட்டி வச்சுட்டு, டேங்க்ல இருந்து வர்ற பைப்பை கழட்டிட்டு கேன்ல இருந்து நேரா ஃபில்டருக்கு கொடுங்க, ரிட்டர்னை டேங்குக்கே விட்டுடுங்க. ராத்திரி அப்படியே விட்டு காலைல ஒரே செல்ஃப்ல எடுத்துச்சுன்னா கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவுலதான். எடுக்கலைன்னா ஃபில்டர் தலை, கையால அமுக்கி டீசல் ஏத்தற பிரைமர் பம்ப், ஃபில்டர் அடியில தண்ணி வடிக்கற ஸ்க்ரூவோட ஓ-ரிங், லீக்-ஆஃப் பைப் இந்தப் பக்கம் பாருங்க. டேங்குக்குள்ளயே எலெக்ட்ரிக் பம்ப் இருக்கற வண்டின்னா இந்த சோதனை பொருந்தாது, அதுல பைப் அழுத்தத்துல இருக்கறதால வெளியதான் கசியும்.

எதை மாத்தணும், எதை விடலாம்

கை வயர் பிரஷ்ஷால துருவை தேயுங்க, டீசல் பைப் பக்கத்துல கிரைண்டர்ல மாட்டற பிரஷ் வேண்டாம், பொறி பறக்கும். தேய்ச்சா பொடியா கொட்டி அடியில வழவழப்பான இரும்பு தெரிஞ்சா அது மேல்துரு, பிழைச்சுக்கும். செதில் செதிலா உரிஞ்சு அடியில குழி குழியா இருந்தா அந்த பைப்போட ஆயுசு முடிஞ்சுது. டீசல் உள்ள இருக்கும்போது ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாக்காதீங்க, ஓட்டை விழுந்துட்டா அந்த நேரத்துல கையில ஒண்ணும் இருக்காது.

ஒரு பைப்ல ஒரு இடத்துல ஓட்டைன்னா அந்த பைப்பை டேங்க் ஜாயிண்ட்ல இருந்து இன்ஜின் ஜாயிண்ட் வரைக்கும் முழுசா மாத்துங்க. ஓட்டை விழுந்த ரெண்டு அங்குலத்தை வெட்டிட்டு நடுவுல ரப்பர் ஹோஸ் போட்டு ரெண்டு கிளாம்ப் அடிச்சா ரெண்டு புது ஜாயிண்ட் சேருது, ரெண்டும் துருப்பிடிச்ச இரும்பு மேல உக்காருது. ஊருக்கு வந்து சேரற வரைக்கும்னா சரி, நிரந்தரமான்னா கிடையாது. "அண்ணாச்சி, சின்ன ஓட்டைதான், பத்த வச்சா நிக்கும்"னு சொல்ற கடையில வேலையை கொடுக்காதீங்க. ரெண்டு பைப்பும் ஒரே கிளிப்புல போகுதுன்னா ரெண்டையும் ஒரே நேரத்துல மாத்தறதுதான் புத்திசாலித்தனம், மறுபடி டேங்க் இறக்கற கூலி மிச்சம்.

டேங்கை இறக்கறது

டீசல் ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 830 கிராம், 60 லிட்டர் டேங்க் நிறைஞ்சிருந்தா டீசல் மட்டும் 50 கிலோ வரும், அதனால ரிசர்வ் வர்ற வரைக்கும் ஓட்டிட்டு மிச்சத்தை வடிச்சிடுங்க. வாயால உறிஞ்சி டியூப்ல இறக்கற பழக்கத்தை விட்டுடுங்க. டீசல் கொஞ்சம் நுரையீரலுக்குள்ள போனாலே ஆபத்தான நிமோனியா வரும், அப்படி விழுங்கினவங்களுக்கு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. கைப்பம்ப் விலை கம்மிதான், டீசலை வடிக்கற போல்ட் இருந்தா அதுலயே இறக்கிடலாம்.

பட்டை போல்ட்டுக்கெல்லாம் முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. முறிஞ்சா முறியட்டும்னு புது போல்ட்டும் வாங்கி வச்சுக்கோங்க, பழைய கடலோர வண்டில ஒண்ணாவது முறியாம வராது. சூடு காட்டி கழட்டலாம்னு கேஸ் கட்டரை எடுத்துட்டு வர்ற ஆளை டேங்க் பக்கமே விடாதீங்க.

முதல்ல ஃபில்லர் ஹோஸ், பிரீதர் ஹோஸ் கிளாம்பை தளர்த்துங்க. ஜாக்கி மேல அகலமான பலகை வச்சு டேங்க் அடியில கொடுத்து, பட்டையை கழட்டி, ஒரு சாண் மட்டும் இறக்குங்க. முழுசா இறக்கிடாதீங்க, மேல ஒயரும் பைப்பும் இன்னும் மாட்டியிருக்கும். அந்த சந்துல கை விட்டு மேல் மண்ணை முதல்ல துடைச்சு எடுங்க, இல்லைன்னா பைப்பை உருவின உடனே அந்த மண்ணு நேரா டேங்குக்குள்ள போகும், அங்க இருந்து பம்ப்புக்கு, இன்ஜெக்டருக்கு. எந்த பைப் எங்க போகுதுன்னு போட்டோ எடுத்து, டேப் ஒட்டி எழுதிடுங்க. குவிக் கனெக்டரை அமுக்கி பைப் பக்கம் ஒரு தடவை தள்ளிட்டு அப்புறம் இழுத்தா வரும், ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்பினா காது உடைஞ்சிடும். கழட்டின எல்லா வாயையும் சுத்தமான மூடி போட்டு அடைச்சிடுங்க, துணி வைக்காதீங்க, நூல் உள்ள போகும்.

இரும்பு டேங்க்ல தையல் ஓரமா துரு ஏறியிருந்தா மாத்தறது மட்டும்தான் வழி. புதுசு கிடைக்கலைன்னா சென்னையில புதுப்பேட்டை, கோயம்புத்தூர்ல உக்கடம் பக்கம் பழைய டேங்க் தேடலாம், கடலோரம் இல்லாத ஊர்ல ஓடின வண்டியோட டேங்கா கேட்டு வாங்குங்க, உள்ள டார்ச் அடிச்சு பாத்து, ஓரத்துல விரல் விட்டு துருப்பொடி வருதான்னு பாத்துட்டு காசு கொடுங்க. நடுவுல ஒரே ஒரு ஊசி ஓட்டைதான், மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னா ரேடியேட்டர், டேங்க் வேலையே செய்யற கடையில கொடுத்து உள்ள நீராவி விட்டு கழுவி பித்தளை வச்சு அடைக்கலாம். சாதாரண வெல்டிங் பட்டறைக்கு எடுத்துட்டு போகவே கூடாது. காலி டேங்க்னா பயமில்லைன்னு நினைப்பாங்க, உண்மையில நிறைஞ்ச டேங்கை விட காலி டேங்க்தான் ஆபத்து, உள்ள ஆவியும் காத்தும் வெடிக்கற கலவையா நிக்கும், ஒரு பொறி போதும்.

புது பைப்பும் ஹோஸும்

டீசலுக்கு செம்பு பைப்பும் வேண்டாம், ஜிஐ பைப்பும் வேண்டாம். வளைக்க சுலபம்னு செம்பு போடுவாங்க, ஆனா செம்பு பட்டா டீசல் சீக்கிரம் கெட்டு பிசின் மாதிரி படியும், அதோட ஓடற வண்டி அதிர்வுல செம்பு இறுகி வெடிச்சிடும். ஜிஐ மேல இருக்கற துத்தநாகம் டீசலோட வினைபுரிஞ்சு இன்ஜெக்டர் முனையில படியும். ஜாயிண்ட்ல போடற செம்பு வாஷர் மட்டும் பரவாயில்லை. கம்பெனி பைப் கிடைச்சா அதுவே நல்லது, கிடைக்கலைன்னா உலோகப் பூச்சுக்கு மேல பிளாஸ்டிக் கோட்டிங்கும் போட்ட ஸ்டீல் பைப் அல்லது எரிபொருளுக்குன்னே வர்ற நைலான் பைப் வாங்குங்க. போற பைப் 8 மில்லி, வர்ற பைப் 6 மில்லின்னு இருக்கறது சகஜம், ஆனா வெர்னியர் வச்சு அளந்துட்டே கடைக்கு போங்க.

பழைய பைப்பை முறிக்காம முழுசா கழட்டி பக்கத்துல வச்சு அதே வளைவுக்கு பெண்டர்ல வளைங்க, கையால வளைச்சா நசுங்கும். பழைய பாதையிலயே விடுங்க, எக்ஸாஸ்டையும் பிராப்பெல்லர் ஷாஃப்டையும் விட்டு நல்லா தள்ளி இருக்கணும். ஹோஸ் ஏறற முனையில பைப்பை சுத்தி ஒரு வளையம் எழும்பற மாதிரி லேத்துல போட்டு வாங்கிக்கோங்க, வெறும் வழுக்கை முனையில கிளாம்ப் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் உருவிக்கும்.

ஹோஸ் வாங்கும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுக்கறதை அப்படியே வாங்கிடாதீங்க. தண்ணி ஹோஸ், காத்து ஹோஸ், கேஸ் ஹோஸ், வீடு கட்டறவங்க வச்சிருக்கற லெவல் டியூப், இது எதுவுமே ஆகாது. மேல எஸ்ஏஇ ஜே30 ஆர்9னு அச்சு இருக்கான்னு பாருங்க, அழுத்தம் கம்மியான ரிட்டர்ன் பக்கத்துக்கு ஆர்7 போதும், டேங்குக்குள்ள மூழ்கி இருக்கற ஹோஸுக்கு ஆர்10 வேணும். கிளாம்ப்ல பட்டையில பொத்தல் போட்ட வகை ரப்பரை அறுக்கும், ஓரம் மடிச்ச ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கிளாம்ப் கேளுங்க. டெஃப்லான் டேப் டீசல் லைன்ல எங்கேயும் வேண்டாம், ஒரு நூல் பிரிஞ்சு போனாலும் இன்ஜெக்டரை அடைக்கும். கழட்டின ஒவ்வொரு பாஞ்சோ போல்ட்டுக்கும், அதாவது நடுவுல டீசல் போற ஓட்டை இருக்கற போல்ட்டுக்கும், புது வாஷர்.

அதிக அழுத்த பைப் கசிஞ்சா ஒட்டறது, அடைக்கறது, பத்த வைக்கறது எதுவும் கிடையாது, புதுசுதான், அதுவும் இறுக்கத்தை அளந்து இறுக்கற டார்க் ரெஞ்ச் வச்சிருக்கற ஆள் கையால. அந்த ஒரு வேலையை வீட்ல செய்யாதீங்கன்னுதான் சொல்வேன்.

பெட்ரோல் எஸ்யூவி வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. பைப்பை கழட்டறதுக்கு முன்னாடி பம்ப் ஃபியூஸை எடுத்துட்டு இன்ஜினை தானா அணையற வரைக்கும் ஓட விடுங்க, அப்போதான் அழுத்தம் இறங்கும். 2023ல இருந்து 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பிச்சு இப்போ பெரும்பாலான பங்க்ல அதுதான் கிடைக்குது. எத்தனால் பழைய நைட்ரைல் ரப்பரை ஊற வச்சு கெடுக்கும், காத்துல இருக்கற ஈரத்தையும் இழுக்கும், அதனால பழைய பெட்ரோல் வண்டில ஹோஸ், ஓ-ரிங் மாத்தும்போது எஃப்கேஎம் ரப்பர், அதாவது விட்டான்னு கடையில சொல்றாங்களே, அதையே கேட்டு வாங்குங்க.

மாட்டி முடிச்சு காத்து எடுக்கறது

டேங்கை ஏத்தறதுக்கு முன்னாடி மேல இருக்கற சேஸிஸ் பகுதியை விட்டா இனிமே எப்போ கை படும்னு தெரியாது, அதனால அங்க துருவை தேய்ச்சு, உப்புத்தாள் போட்டு, நல்ல தண்ணில கழுவி, நல்லா காய வச்சு, ரஸ்ட் கன்வர்ட்டர், அது மேல எபாக்சி பிரைமர், அது மேல சேஸிஸ் பிளாக் அடிச்சிடுங்க. பட்டைக்கு புது ரப்பர் வைங்க.

எல்லாம் மாட்டினதும் டீசல் ஒரு பத்து பதினஞ்சு லிட்டர் ஊத்தி, புது ஃபில்டர் போட்டு, கை பிரைமரை அது கல்லு மாதிரி ஆகற வரைக்கும் அமுக்குங்க. பிளீட் ஸ்க்ரூ இருக்கற வண்டின்னா குமிழி நின்னு வெறும் டீசல் வர்ற வரைக்கும் அமுக்கிட்டு ஸ்க்ரூவை மூடுங்க. செல்ஃபை தொடர்ந்து பத்து செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, நடுவுல ஒரு நிமிஷம் விடுங்க, காத்தோட ஓடற அதிக அழுத்த பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய், அது இல்லாம சுத்தினா உள்ள தேயும்.

ஸ்டார்ட் ஆனதும் மறுபடி எல்லா ஜாயிண்ட்லயும் பவுடர். ஓட விட்டு பாருங்க, அணைச்சு பாருங்க, ஒரு ஐம்பது கிலோமீட்டர் போயிட்டு வந்து சூட்டுலயும் பாருங்க, மறுநாள் காலைல ஆறினதும் பாருங்க. கடைசியாதான் டேங்க் ஃபுல் பண்ணணும், அப்போதான் மேல்பக்க கேஸ்கெட்டும் பிரீதரும் சரியா இருக்கான்னு தெரியும். எஃப்.சி.க்கு போக வேண்டிய 15 வருஷ வண்டின்னா இதெல்லாம் முடிச்சு ரெண்டு வாரம் ஓட்டிட்டு போங்க.

மறுபடி துரு ஏறாம இருக்க

துருவுக்கு மேல அப்படியே கறுப்பு அண்டர்கோட்டிங் அடிக்கறதை விட மோசமான செலவு எதுவும் இல்லை. வெளிய பளபளன்னு இருக்கும், அந்த தார் தோலுக்குள்ள ஈரம் மாட்டிட்டு உள்ளேயே அரிக்கும், ஓட்டை விழற வரைக்கும் கண்ணுல படாது. பழைய வண்டிக்கு காயாம கொழகொழன்னு நிக்கற மெழுகு வகை கோட்டிங்தான் சரி, கீறல் விழுந்தாலும் அதுவே பரவி மூடிக்கும், அடியில என்ன நடக்குதுன்னும் பாக்க முடியும். வருஷம் ஒரு தடவை, ஐப்பசி மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அடிச்சிடுங்க. கழிவு இன்ஜின் ஆயில் அடிக்கற பழக்கமும் இருக்கு, அது புஷ், மவுண்டிங் ரப்பரை ஊற வைக்கும், ரோட்ல சொட்டி பின்னாடி வர்ற பைக்காரரை கீழ தள்ளும், வேண்டாம்.

தனுஷ்கோடி போயிட்டு வந்தா, மணல்ல இறங்கினா, போட் இழுக்க கடல் தண்ணில பின் சக்கரத்தை விட்டா, அன்னைக்கே நல்ல தண்ணில அடிப்பக்கத்தை கழுவணும், நாளைக்கு பாத்துக்கலாம்னு விடக்கூடாது. எங்க பக்கம் போர் தண்ணியே உப்பு, அதுல கழுவறதுக்கு கழுவாமலே விடலாம், டேங்கர் தண்ணியோ மழைத்தண்ணியோ பாத்து ஊத்துங்க. டேங்க் கார்டுல தண்ணி வடியற ஓட்டையை கம்பி விட்டு குத்தி திறந்து வைங்க. ஃபில்டர்ல தங்கற தண்ணியை மழைக்காலத்துல மாசம் ஒரு தடவை ஒரு கண்ணாடி டம்ளர்ல வடிச்சு பாருங்க, அடியில தனியா தண்ணி நிக்குதான்னு தெரியும். தொடர்ந்து தண்ணி வந்துட்டே இருந்தா ஃபில்லர் மூடியோட ரப்பர் வெடிச்சிருக்கான்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் பங்க்கை மாத்துங்க. வண்டி வாரக்கணக்குல நிக்கப் போகுதுன்னா இரும்பு டேங்கை முக்கால்வாசிக்கு மேல நிரப்பியே நிறுத்துங்க.